உன் விரல்களுக்காகத் தாழ்ந்த தந்திகள்

இன்று காலை உன் கிட்டார்ப் பெட்டியைத் திறந்தேன். கிட்டாரின் கழுத்தில் நீ தடவும் எலுமிச்சை எண்ணெயின் வாசனை இன்னும் போகவில்லை. மடியில் வைத்து ஐந்தாம் தந்தியைத் தட்டினேன். ‘ஜிர்ர்’ என்றது. ஆறாவதும் அப்படியே. கார்த்திகை மழையில் நீ எங்களை விட்டுப் போனபோது ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்த கிட்டார் இது. மாசியும் பங்குனியும் கண்டியைக் காயவைத்துவிட்டன. அந்த வறட்சியில் கழுத்து பின்பக்கம் சாய்ந்து, தந்திகள் அதன் குறுக்கே உள்ள உலோகக் கட்டைகளில் உரசுகின்றன. விடிந்தால் உயிர்த்த ஞாயிறு. தவக்காலம் முழுக்க மௌனமாக இருந்த கிட்டார் நாளைக் காலைப் பூசையில்தான் மறுபடி ஒலிக்க வேண்டும். வாசிக்க வேண்டியவள் நான்.

உன்னை முதன்முதலாகப் பார்த்ததும் இப்படி உயிர்ப்புக்கு முந்திய ஒரு பெரிய சனிக்கிழமையில்தான். எங்கள் கோயில் பங்கில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கோயில் கிட்டாரின் தந்திகளை எல்லாம் தளர்த்தி, அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவோம். கிட்டாரும் தபசு இருக்கட்டுமாம்! அன்று வெளியே எடுத்துச் சுருதி கூட்டினால் எல்லாத் தந்தியும் உறுமியது. பாடகர் குழுவை நடத்திய மாஸ்டர் கையை விரித்துவிட்டார்.

“கழுத்து போச்சு. இனி ஓகன் வாசிச்சா மட்டும் போதும்.”

நீ கலஹாத் தோட்டப் பக்கத்துப் பிள்ளை. பேராதனை ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்த புதிது. டியூட்டி முடிந்து காலிலிருந்த வெள்ளைச் சப்பாத்தைக்கூட மாற்றாமல் வந்திருந்தாய். கிட்டாரை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நீளத்துக்கும் பார்த்தாய்.

“கழுத்துக்கு ஒண்ணும் ஆகல மாஸ்டர். உள்ளுக்க ஒரு இரும்புக் கம்பி இருக்கு. ஸ்ட்ரிங் முன்னால இழுக்கும், அது பின்னால இழுக்கும். நீங்க ஸ்ட்ரிங்க விட்டுட்டீங்க, அது மட்டும் தனியா இழுத்துக்கிட்டே இருந்திருக்கு. வெயில் வேற.”

“அப்ப தவக்காலத்துக்கு என்னதான் செய்யிறது?”

“நோன்ப நாம இருப்போம். அத விட்டுருங்க.”

மாஸ்டரே சிரித்துவிட்டார். பையிலிருந்து ஒரு சின்னத் திருகுச் சாவியை, அலன் கீயை, எடுத்து அந்தக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்தினாய். அவ்வளவுதான். “மரம் சொன்ன உடனே கேக்காது. கொஞ்சம் உக்காருங்க” என்று எங்களையெல்லாம் உட்கார வைத்துவிட்டாய். மறுநாள் பூசையில் அது மணி மாதிரி ஒலித்தது. அன்றே உன்னை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அதற்குப் பிறகு எத்தனை ஐப்பசிகள்! மழையில் மரம் ஈரத்தைக் குடித்து, தந்திகள் மேலே எழும்பி, என் விரல்நுனி எரியும். நீ வந்து கொஞ்சம் முறுக்குவாய். மாசி வெயிலில் வந்து கொஞ்சம் தளர்த்துவாய். ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. பாதிச் சுற்று திருகச் சொல்லி நான் நச்சரித்தால், “நோயாளிக்கும் இப்படித்தான் ஊசி போடச் சொல்வியா?” என்று என் வாயை அடைப்பாய். உன் வார்டில் படுத்திருந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று நான் நினைக்காத நாளில்லை. நீயே ஒரு வார்டில் படுப்பாய் என்று மட்டும் நினைக்கவில்லை.

அங்கே ஏற்றிய மருந்து உன் விரல்களை மரத்துப்போகச் செய்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் உன் கிட்டாரைத்தான் கேட்டாய். தந்தியை அழுத்திப் பார்த்தாய், சத்தம் வரவில்லை. அலன் கீயை எடுத்து, தந்திகள் நன்றாகத் தாழும்படி, மழைக்கு வேண்டிய அளவையும் தாண்டி முறுக்கினாய்.

“ஏண்டி இவ்வளவு இறக்குற? வெயில் வந்தா உரசுமே.”

“வெயிலுக்கு நீ பாத்துக்க. எனக்கு இப்ப அழுத்த முடியணும்.”

அப்புறம் வாசித்தாய். மெதுவாகத்தான், ஆனால் ஒரு சுரம்கூடத் தப்பவில்லை. அடுப்படியில் நின்று நான் அழுதது உனக்குத் தெரிந்திருக்கும். உன் காதுக்கு எதுதான் தப்பியது?

இந்தக் கழுத்தில் இப்போது இருப்பது உன் கை கடைசியாக வைத்த அளவு. கம்பியை நான் தளர்த்தினால் அது போய்விடும். இன்னொருமுறை இதே இடத்துக்குத் திருகிக் கொண்டுவர எனக்கு வராது. ஓகனே போதும் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். காலையிலிருந்து சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ இருந்திருந்தால் என்னைக் கிழித்திருப்பாய்.

மத்தியானம் தளர்த்தினேன். கால் சுற்றுகூட இல்லை, அதிலும் பாதி. பிறகு நீ உட்கார வைத்த மாதிரியே உட்கார்ந்திருந்தேன். இனி ஐப்பசிக்கும் மாசிக்கும் இந்தச் சாவி என் கையில்தான்.

சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன். தந்திகள் சற்று உயர்ந்து நின்றன. கடைசி நாட்களில் நீ அழுத்த முடியாத உயரம் அது. நான் அழுத்தினேன். சுத்தமாக ஒலித்தது.