பாறைக்குக் கீழே ஒரு கடல்

அன்புள்ள யசோதராவின் அப்பாவுக்கு,

மால்டா தீவுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நேற்று நம் மகளும் மாப்பிள்ளையும் என்னை ஒரு கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே கடையும் இல்லை, கூட்டமும் இல்லை. பாறை வழியாக இறங்கித்தான் போகவேண்டும். முகத்தில் விழிக்கவே மாட்டேன் என்றீர்களே, அந்த வெள்ளைக்காரப் பிள்ளைதான் அடிக்கு அடி என் கையைப் பிடித்து இறக்கிவிட்டது.

தண்ணீரில் நின்றால் கால்விரல் தெரிகிறது. உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். சுரங்கத் தூசி ஏறிய நெஞ்சோடு, ஊரிகம் ஸ்டேஷன் வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்து ரயில் ஏற்றினீர்கள். இந்தக் கடல் நீங்கள் எனக்குக் கொடுத்தது.

"அவ எப்படிக் கீறான்னு பாத்துட்டு வா. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லாத" என்றீர்கள். அந்தத் தண்ணீரில் நின்றபடி அவளிடம் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்.

அவள் அலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நேரம் அழுதாள். மாப்பிள்ளை பதறி ஓடிவந்தார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு என்னிடம் கேட்டாள்:

"அப்பாவுக்கு இப்ப மூச்சு இன்னா மாதிரி இருக்குது? நான் கேட்டேன்னு சொல்லிடாதம்மா."

இதோ, அதையும் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் இருவர் பேச்சையும் கேட்காதவள்