அம்பகரத்தூர் சாலையில் பதினான்காவது மரம்

ஜூலை 14, செவ்வாய்

மேல்காற்று. வாய் முழுக்க மண். அம்பகரத்தூர் சாலையில் மரம் 13 இன்று சாய்ப்பு. பெரிய தூங்குமூஞ்சி மரம்.

எடுத்துப் போனவை: டேப், சுண்ணாம்புக்கட்டி, சாக்கு பன்னிரண்டு, குடை, தயிர்ச்சோறு (மறந்து பஸ்ஸில் விட்டேன்).

இந்தச் சாலையில் நாற்பத்திரண்டு மரங்களுக்கும் எவ்வளவு கார்பன் என்று கணக்குப் போட்டு முடித்தாயிற்று. நெஞ்சு உயரத்தில் சுற்றளவு, மொத்த உயரம், மரத்தின் வகை. மூன்றையும் சூத்திரத்தில் போட்டால் உலர் எடை வரும். அதில் ஏறத்தாழப் பாதி கார்பன். ஆனால் ஒரு மரத்தையாவது நிஜமாக நிறுத்துப் பார்த்ததில்லை. சாலை அகலமாக்க 13-ஐ வெட்டுகிறார்கள் என்றதும் அதை எடைபோட நான்தான் கெஞ்சி அனுமதி வாங்கினேன். என் கணக்கு: உலர் எடை பன்னிரண்டு டன். பரீட்சை ரிசல்ட் மாதிரி இன்று தெரிந்துவிடும்.

மரம் அறுக்கும் சேகர் அண்ணன் வாளை இறக்கினார். கொஞ்ச நேரம் வெள்ளைத் தூள். பிறகு தூளே இல்லை. கறுப்பாக ஈர மண். மெஷினை நிறுத்திவிட்டார்.

“என்னங்க மேடம் இது, வாளு காத்துல போவுது.”

சாய்த்தபின் பார்த்தோம். உள்ளே ஒன்றுமில்லை. ஓர் ஆள் நிற்கலாம். சுற்றிலும் ஒரு சாண் கனத்துக்கு மரம், அவ்வளவுதான். மேலே அத்தனை இலை, அத்தனை பூ! நான் டேப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். எதை அளப்பது?

15, புதன்

எடைமேடை. மூன்று லாரி நடை. பச்சை எடையே ஒன்பதரை டன். காய்ந்தால் ஐந்து தேறினால் அதிகம். துண்டுகள் உலர்த்தும் அடுப்பில்.

கணக்கில் பாதிக்கு மேல் காற்று.

வீட்டில் உம்மா: “மரத்த நிறுத்துட்டு வந்தவ மாதிரியா இருக்க? மையித்து எடுத்த வீட்டுலேர்ந்து வந்தவ மாதிரில்ல இருக்க.”

சிரித்தேன். கை கழுவும்போதுதான் உறைத்தது. மரம் 14.

13-க்குப் பக்கத்து மரம். ஒரே வயது, அடியைச் சுற்றி ஒரே தார், இரண்டின் வேரையும் ஒரே சமயத்தில் வெட்டிக் கால்வாய் போட்டிருக்கிறார்கள். அதன் கீழே மலர்க்கொடி அக்காவின் தையல் கூடம். ஏப்ரலில் நான் மரங்களுக்கு எண் அடித்தபோது அங்கே வெறும் நான்கு கம்பம்தான் நட்டிருந்தது. “இங்க ஷெட்டு போடலாமாம்மா, மரம் நல்லா இருக்கா?” என்று கேட்டார். நான் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இன்னும் நூறு வருஷம் நிக்கும்க்கா” என்றேன். படிவத்திலும் எழுதியிருக்கிறேன்: நல்ல நிலை. என் கையெழுத்து.



16, வியாழன்

முதல் பஸ். சேகர் அண்ணனையும் வரச்சொன்னேன். மரச் சுத்தியலால் 14-ஐத் தட்டினோம். வடக்குப் பக்கம் கெட்டி. தெற்கே, கூடத்துப் பக்கம், பீப்பாய்ச் சத்தம். நீள ஊசியால் துளை போட்டார். நாலு விரல் ஆழம் போனதும் ஊசி சட்டென்று உள்ளே விழுந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

உள்ளே ஆறு பெண்கள், ஆறு மிஷின். பள்ளிச் சீருடை ஆர்டர். அக்காவிடம் சொன்னேன்.

“நீதானே சொன்ன, நூறு வருஷம் நிக்கும்னு?”

“ஆமாக்கா. தப்பா சொல்லிட்டேன்.”

“ஒன்ன நம்பித்தானே இங்க போட்டேன்? இப்ப எங்க தூக்கிட்டுப் போறது?”

“தெரியலக்கா. ஆனா இன்னிக்கே தூக்கணும். நானும் தூக்குறேன்.”

அந்தப் பெண்கள் மிதிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

மாலைவரை தூக்கினோம். அக்காவின் தம்பி வீட்டு முன்னறைக்கு. வெட்டுமேசை மட்டும் வாசலில் நுழையவில்லை, விட்டுவிட்டோம். நெடுஞ்சாலை அலுவலகத்தில் மரத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள்.

போனில் என் ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியர்: “13 விதிவிலக்கு, நஸ்ரின். அதை விட்டுட்டு அறிக்கையை அனுப்பிடுங்க.”

சரி சார் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

18, சனி

பகல் பதினொன்றரை. சேகர் அண்ணன் போன். “மேடம், பதினாலு விழுந்துடுச்சு.”

போனேன். கூடம் தரையோடு தரை. தகரம் காகிதம் மாதிரி மடிந்து கிடக்கிறது. வெட்டுமேசை இரண்டு துண்டு. மழை இல்லை, புயல் இல்லை, தினம் அடிக்கிற காற்றுதான். யாருக்கும் ஒன்றுமில்லை. யாருக்கும் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு ஆறு பேரும் உள்ளேதான் இருப்பார்கள்.

அக்கா சாலையோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஒன்னத் திட்டிக்கிட்டேதான் மிஷின தூக்குனேன்,” என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். விடவேயில்லை. வலித்தது. நானும் இழுக்கவில்லை.

20, திங்கள்

காலை ஏழு மணிக்கே பேராசிரியருக்குப் போன். “சார், 13-ஐ விடமுடியாது. எல்லா மரத்தையும் தட்டிப் பார்க்காம அறிக்கை அனுப்பமாட்டேன்.”



“இதுவரைக்கும் எத்தன தட்டுனீங்க?”

“நேத்து பதினொண்ணு, சார்.”

“பொந்து?”

“நாலு.”

“அடுத்த பஸ்ஸுக்கு வரேன். எனக்கும் ஒரு சுத்தியல் வாங்கி வைங்க.”

அவர் வருவதற்குள் மரம் 26. பேருந்து நிறுத்தம். நல்ல நிழல், ஏழெட்டுப் பேர். ஒரு தட்டு. இன்னொரு தட்டு. அதே பீப்பாய்ச் சத்தம். கூடையோடு நின்ற ஓர் அம்மா சிரித்தார்: “என்னம்மா தட்டுற, உள்ள யாராச்சும் இருக்காங்களா?”

அந்த அம்மாவின் கூடையைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு நடந்தேன். எல்லோரும் திட்டிக்கொண்டே பின்னால் வந்தார்கள்.