மப்ரூக் வகுப்புக்கு வராத செய்தி

கவரைப்பேட்டை
20-9-1975

சிரஞ்சீவி பூவராகவனுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நான், அம்மா, உன் தங்கை குணசுந்தரி மூவரும் சுகம், லிபியா வெயிலும் சாப்பாடும் உன் உடம்புக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. சொர்ணவாரி நெல் அறுத்தாகிவிட்டது, மழைதான் போக்குக் காட்டுகிறது, ஆனால் என் மனசு அதில் நிற்கவில்லை.

உன் போன கடிதத்தை வழக்கம்போல நான்தான் உரக்கப் படித்தேன். உன்னிடம் இங்கிலீஷ் படிக்கிற துறைமுகத் தொழிலாளி மப்ரூக்குக்கு, நம் பாம்பு என்கிற சொல்லில் முதலில் வரும் ப வாயில் நுழையவில்லை, கடைசி பு-வின் சத்தமே எல்லா இடத்திலும் வருகிறது, பேப்பரையும் அப்படித்தான் சொன்னான், நீ அதேபோல் சொல்லிக் காட்டினாய், வகுப்பே சிரித்தது, மறுநாளிலிருந்து ஆளைக் காணோம் என்று எழுதியிருந்தாய். நானும் அம்மாவும் சிரித்தோம். குணசுந்தரி மட்டும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

அம்மா பின்னாலேயே போய்க் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கும்மிடிப்பூண்டிக்கு ஒரு கம்பெனியில் டெலிபோன் வேலை கேட்டுப் போனாளே, வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்றாளே, அது பொய். ஆபீஸ் என்பதை நம் வீட்டில் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறாள், நடுவில் வருவது பாம்பின் ப இல்லையாம், உதட்டைக் கடித்துச் சொல்லவேண்டிய எழுத்தாம். அந்த அதிகாரி பக்கத்து அறையிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு, இன்னொரு தரம் சொல்லும்மா என்று சொல்லவைத்துச் சிரித்திருக்கிறார். பாதியிலேயே எழுந்து ரயிலேறி வந்துவிட்டாள். "அந்தாளு பண்ணதத்தாம்மா அண்ணனும் அங்க பண்ணிக்கினு கீது" என்று அழுதாளாம்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வயலுக்குப் போகிறேன், பாதி வழியில் திரும்பி வருகிறேன். முகம் தெரியாத அந்த மனுஷன் நினைப்புதான். பெண்டு பிள்ளைக்காரன் என்று எழுதியிருந்தாய், அவன் தன் வீட்டில் என்ன பொய் சொன்னானோ. அவன் தானாக வருவானா என்று நேற்று குணசுந்தரியைக் கேட்டேன். "வரமாட்டாருப்பா. அண்ணனே அவுரு ஊட்டாண்ட போய்க் கூப்பிட்டா வருவாரு. நானா இருந்தா வந்துடுவேன்" என்றாள். திங்கட்கிழமை வேறொரு கம்பெனியில் அவளை வரச் சொல்லியிருக்கிறார்கள், உதட்டைக் கடித்துக் கடித்துப் பழகி அது வீங்கியே போயிருக்கிறது. போகிறாளோ மாட்டாளோ, அம்மா கேட்கவே பயப்படுகிறாள்.

ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் நிதானமும் கொடுக்கட்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. மப்ரூக் வீட்டுக்குப் போகும்போது தனியாகப் போ, வகுப்பில் சிரித்தவர்கள் ஒருவரையும் அழைத்துப் போகாதே.

இப்படிக்கு உன் அப்பா
வீரராகவன்