கேட்டைத் திறக்க ஓடினேன்

என் வீட்டுக்காரிக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே கார் ஓட்டுகிறவர் எழுதித் தருகிறார்.

செவ்வாய் மத்தியானம் என் அறையில் தங்கியிருக்கும் நம்மூர்த் தோட்டக்காரர் மூச்சில்லாமல் விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், எடுத்த பெண் போனை வைக்கவே விடவில்லை.

"நெஞ்சுல அமுக்கிட்டே இருங்க தாத்தா. எங்க ஆளுங்க வந்து கை வைக்கிற வரைக்கும் விடாதீங்க."

எண்ணிக்கொண்டே அமுக்கினேன். அறுநூற்றுப் பத்தில் சைரன் கேட்டது. உடனே விட்டுவிட்டுக் கேட்டைத் திறக்க ஓடினேன். காவல்காரன் புத்தி.

ஆம்புலன்ஸில் வந்தவர், "கேட்ட நாங்க தொறந்துக்க மாட்டோமா பெரியவரே? கைய ஏன் எடுத்தீங்க?" என்றார்.

தோட்டக்காரர் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் விழிக்கவில்லை. எனக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே. அவர் கட்டில் காலியாகக் கிடக்கிறது. சாயங்காலத்தில் சும்மாவாவது போன் போடு.

அவர் சம்சாரத்துக்குத் துணையாக இரு. நான் எழுந்து ஓடியதை மட்டும் சொல்லாதே. அதை நான்தான் நேரில் வந்து சொல்ல வேண்டும்.

டூட்டிக்கு மணியாகிவிட்டது.

உன் வீட்டுக்காரன்