பூசிங்

சனிக்கிழமை, இரவு

முட்டிக்குத் தைலம் தேய்த்தாயிற்று. தூக்கம்தான் வரவில்லை.

இன்றைய கூடைப்பந்து ஆட்டத்தில் என்னால்தான் தோற்றோம். முடியச் சில நிமிடங்களே இருந்தன, எங்கள் பெண்கள்தான் முன்னால் இருந்தார்கள். பந்தைக் கொண்டுபோகிற ஷாலினி என் பக்கம் ஓடிவந்து, மூச்சு வாங்க, "கோச், பூசிங், பூசிங்" என்றாள். உடனே அவளை வெளியே எடுத்து, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தேன். அவள் இல்லாமல் ஆட்டம் கைவிட்டுப் போயிற்று.

முடிந்ததும் வந்து கேட்டாள். "ஏன் கோச் என்னை எடுத்துட்டீங்க?"

"தலை சுத்துதுன்னு சொன்னியேம்மா."

"இல்ல லா கோச். பந்தை அந்தப் பக்கம் திருப்பலாமான்னு கேட்டேன்."

ஜகார்த்தாவில் பூசிங் என்றால் தலைச்சுற்றல். அங்கே ஆடிய வருடங்களில் நானே எத்தனை முறை டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். இங்கத்து மலாயில் பூசிங் என்றால் திருப்புவது. எனக்குத் தெரியாத சொல்லா? இதே ஊரில், சுங்கை பினாங் சந்துகளில் எனக்குக் கார் ஓட்டப் பழக்கியபோது அப்பா அந்த ஒரு சொல்லைத்தான் கத்திக்கொண்டே இருந்தார். மணிலா, பேங்காக், ஜகார்த்தா என்று பந்தோடு அலைந்ததில் எந்தச் சொல் எந்த ஊருடையது என்று... சரி, போகட்டும்.

ஷாலினி கோபப்படவில்லை. பையை மாட்டிக்கொண்டே, மரியாதையாகத்தான் கேட்டாள். "கோச்சுக்கு எந்த ஊரு?"

"இந்த ஊருதாம்மா" என்றேன்.

ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள்.