பையில் போட்டுப் பார்த்து வாங்கிய லேப்டாப்

திருப்பதி, 19.8.2022

நைனாவுக்குக் கீர்த்தியின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் ஹாஸ்டலில் நன்றாக இருக்கிறேன்.

லேப்டாப் வாங்கிவிட்டேன். வகுப்பு நான்காவது மாடி என்பதால், கடையில் ஒவ்வொன்றையும் பையில் போட்டுக்கொண்டு படியேறிப் பார்த்தேன். "ஏம்மா, லேப்டாப் வாங்க வந்தியா, மலையேறப் பழகிக்கினு இருக்கியா?" என்றார் கடைக்காரர். ஒன்றேகால் கிலோ உள்ளதை எடுத்தேன். சீனியர் அக்கா மூன்று வருஷமாக ரிப்பேர் இல்லாமல் வைத்திருப்பதும் இதே மாடல்தான்.

அம்மா சொன்னபடி பூஜை போட்டுக் குங்குமம் வைத்தேன். பொட்டு கேமரா மேலேயே விழுந்துவிட்டது. நேற்று வீடியோ காலில் முகம் தெரியாததற்கு அதுதான் காரணம்.

என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். மெஸ் மணி அடிக்கிறது.

கீர்த்தி

பொட்டை வேண்டுமென்றேதான் துடைக்கவில்லை நைனா. துடைத்தால் அழுத கண் தெரியும். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இதை மட்டும் விட்டுவிடுங்கள்.