தண்ணீர்த் தொட்டி வளைவில் உன் அம்மா

அன்பு மகள் வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், எலும்பெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அவள் மீதியைப் படிக்காமல் பதறுவாள் என்று உன் அம்மா சொன்னாள், எழுதிவிட்டேன். நீ அங்கே குளிருக்கு அடக்கமாக, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன தடவை பேசியபோது உன் குரல் கம்மியிருந்தது, வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் கொப்பளி, சிரிக்காதே, கொப்பளி. தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பகல் வரை தூங்குவதும் அதோடு நிரந்தரமாகிவிட்டது. சமையலறைக் குழாயை ஒரு வழியாக மாற்றியாயிற்று. என் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கும் மெஷின் புதிதாக வந்திருக்கிறது, சத்தமே இல்லை, சத்தம் இல்லாததால் எனக்கு வேலை செய்த மாதிரியே இல்லை. அம்மாவின் பட்டறையில் பல் செட் வேலை குவிந்து கிடக்கிறது. ஊருக்குக் கண் அப்பா, பல் அம்மா என்று நீ சின்ன வயதில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாயே, அந்தக் கதைதான் இன்னும் ஓடுகிறது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் இனி எழுதப் போவதைப் போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பாய்வாய், நானும் வழக்கம்போலச் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவேன், காகிதத்தில் குறுக்கே பாய முடியாது. நீ விட்டுப்போன ரேஸ் சைக்கிளை அம்மா ஓட்டத் தொடங்கியதும், வெயில் தொடங்கின சமயத்தில் ஏரி மேட்டிலிருந்து இறங்கும்போது தண்ணீர்த் தொட்டி வளைவில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டதும் உனக்குத் தெரியும். அன்றைக்கு நீ போனில் அழுததும், “இனிமே நீ அந்த சைக்கிள்ல கை வெச்சா நான் உன்கூடப் பேசவே மாட்டேன்” என்று சொன்னதும் எனக்குத் தெரியும், ஸ்பீக்கரில்தான் இருந்தது. உன்மேல் தப்பு சொல்லவில்லை கண்ணு. தூரத்தில் இருக்கிறவர்களுக்குப் பயம் இரண்டு மடங்கு. ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் பேசுவதைக் கேட்டால் வானிலை அறிக்கை மாதிரி இருக்கிறது, அங்கே மழையா, இங்கே வெயில், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வைக்கட்டுமா. எனக்கு அது பிடிக்கவில்லை.

கட்டு அவிழ்த்த பிறகு அவள் சைக்கிள் பக்கமே போகவில்லை. பட்டறையில் மாவு கலக்குவாள், பல் அச்சு எடுப்பாள், வீட்டுக்கு வந்து கண்ணைத் திறந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். பிறகு ஒரு நாள் நான் கடையிலிருந்து வந்து பார்த்தால் கூடத்தில் செய்தித்தாளை விரித்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறாள். வேண்டாமே என்றேன். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை, “தப்பா ஓட்டினதால விழுந்தேன். ஓட்டினதால விழல” என்றாள். துடைக்கத் துணியை எடுத்துக் கொடுத்தேன்.

சரியாக ஓட்டக் கற்றுக்கொடுக்க ஓர் ஆளைப் பிடித்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், முன்பு பந்தயம் ஓட்டியவள், கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் சைக்கிள் கிளப்பில் அவளுக்கு விசில் என்றே பெயர். ஞாயிறு காலையில் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் பிளாஸ்டிக் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்து வளைவு போடுவாள், உன் அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வருவாள். நானும் தெர்மாஸோடு போய் உட்கார்ந்துகொள்வேன், அதனால் பாடம் எனக்கும் மனப்பாடம். வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தொடக்கூடாது. கை ஹேண்டிலின் கீழ்ப்பிடியில் இருக்க வேண்டும். வெளிப்பக்கக் கால் கீழே, உடம்பின் கனமெல்லாம் அந்தக் காலில். எல்லாவற்றையும்விடக் கண். அன்றைக்கு விழுந்தபோது அம்மா ஓரத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு போய் நடு வளைவில் முன் பிரேக்கை இறுக்கியிருக்கிறாள். விசில் அதைக் கேட்டுவிட்டு, “அக்கா, சுவரப் பாத்தா சைக்கிள் சுவருக்குத்தான் போகும். நீங்க போக வேண்டிய ரோட்டப் பாருங்க, மத்தத சைக்கிள் பாத்துக்கும்” என்றாள். முதல் ஞாயிறு டம்ளர் ஒன்று பாக்கியில்லாமல் நசுங்கியது.

சீட்டையும் கொஞ்சம் இறக்கி வைத்தாள் விசில், அது உன் கால் நீளத்துக்கு வைத்தது, அதனால்தான் அம்மாவுக்கு முழங்கால் வலி. மேடு ஏறும்போது கனமான கியரில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பாள் அல்லவா, அதையும் மாற்றினாள், மேடு வருமுன்பே கியரை இளக்கிவிட்டு லேசாக, வேகமாகச் சுற்ற வேண்டுமாம். எதிர்காற்றில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிப் போனால் பாதிப் பாடு மிச்சம் என்று சொன்னபோது உன் அம்மா, “பழக்கமில்லாதவங்க முதுகுல போய் ஒட்டிக்கிறது மரியாதையா இருக்குமா?” என்று கேட்டாளே பார்க்கலாம், விசில் சிரித்துச் சிரித்து வாயிலிருந்த விசிலே நழுவி விழுந்துவிட்டது. ஒரு விஷயத்தில் மட்டும் விசிலாலும் முடியவில்லை, அது சாப்பாடு. நம் எல்லோரையும் தட்டோடு துரத்தித் துரத்தி ஊட்டினவள் சைக்கிளில் ஏறினால் எதையும் தின்ன மாட்டாள், கடைசியில் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். பசிக்கிறதுக்கு முன்னாடியே சாப்பிடணும் அக்கா என்று அவள் கெஞ்ச, அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வாழைப்பழத்தைத் துண்டு போட்டுச் சட்டையின் பின் பையில் திணிப்பது நான்தான். பாட்டில் நீட்டுவதும் நான்தான், அதற்கு நம் தெருவில் பயிற்சி, அவள் வேகமாக வருவாள், நான் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே கொஞ்சம் ஓடி அவள் பிடித்ததும் விட்டுவிட வேண்டும். முதல் தடவை நான் விடவில்லை. அந்தக் கதையை நேரில் சொல்கிறேன்.

இப்படியெல்லாம் பழகியது எதற்கு என்றால், போன ஞாயிறு ஏரியைச் சுற்றிப் பெண்களுக்கான பந்தயம் நடந்தது. எல்லா வயதினரும் சேர்ந்தே ஓட்டுவார்கள், நாற்பது தாண்டியவர்களுக்குத் தனிப் பரிசு. மேடு ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, ஏரிக்கரையோடு வந்து மறுபடி மேடு, இப்படி நாலு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர்த் தொட்டி வளைவு உண்டு. நான் அந்த வளைவில்தான் நிற்பேன் என்றேன். உன் அம்மா ஒரே பிடியாக வேண்டாம் என்றுவிட்டாள், “நீங்க அங்க நின்னா நான் உங்க மூஞ்சியத்தான் பாப்பேன். பாக்கிற பக்கம்தான் சைக்கிள் போகும்” என்றாள். ஆகவே நான் மேட்டில், பாட்டில் நீட்டும் இடத்தில். உன் அத்தையும் மடக்கு நாற்காலியோடு வந்திருந்தாள். அண்ணி இந்த இறுக்கமான உடுப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் எப்படித்தான் வந்தாளோ என்று ஆரம்பித்தவள், கூட்டத்தில் எல்லோருமே அதே உடுப்பில் இருப்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

முதல் சுற்றில் அம்மா கடைசி. இறக்கத்தில் எல்லோரும் பாய்ந்து போக இவள் பயந்து பயந்து இறங்கியிருக்கிறாள், மேட்டின் அடியில் தனியாக வருவது தெரிந்தது. முகத்தைப் பார்த்தேன், அழுகிற முகம் இல்லை, பல் செட்டில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேராதபோது வைத்துக்கொள்வாளே, அந்த முகம். கியரை இளக்கி மளமளவென்று சுற்றிக்கொண்டு மேட்டின் உச்சிக்குள் கூட்டத்தின் வாலைப் பிடித்துவிட்டாள். இரண்டாம் சுற்றில் நடுவில் வந்தாள், சிவப்பு ஹெல்மெட் போட்ட ஓர் இளம்பெண்ணின் முதுகுக்குப் பின்னால் சொகுசாக ஒட்டிக்கொண்டு, மரியாதையெல்லாம் எங்கே போயிற்றோ. பாட்டிலைப் பிடித்தாள், நானும் விட்டேன்.

மூன்றாம் சுற்றில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், தண்ணித் தொட்டி வளைவுல ரெண்டு பேர் விழுந்துட்டாங்க, யாருன்னு தெரியல, பின்னாடி வர்றவங்க பாத்து வாங்க. ஓடிப் போய்ப் பார்க்கலாம் என்றால் அதற்குள் அவள் வந்து பாட்டில் இல்லாமல் போனால் என்ன செய்வது. நின்ற இடத்திலேயே நின்றேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். முன்னால் போன நாலைந்து பேர் வந்து போனார்கள், இவள் இல்லை. பிறகு சாலை காலி. பிறகு ஒருத்தி வந்தாள், அதுவும் இவள் இல்லை. அத்தை, “அண்ணே, மெதுவாத்தான வருவா, மெதுவாத்தான வருவா” என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் மேட்டின் திருப்பத்தில் அவளுடைய நீலச் சட்டை தெரிந்தது வாலு, எனக்குப் போன உயிர் வந்தது. என்னைக் கடக்கும்போது, “நான் இல்ல, நான் இல்ல” என்று கத்திவிட்டுப் போனாள். நான் பாட்டிலை நீட்ட மறந்தே போனேன், கையிலேயே இருந்தது.

நடந்தது என்னவென்றால், அவளுக்கு நேர் முன்னால் சிவப்பு ஹெல்மெட் சறுக்கி விழுந்திருக்கிறாள், அவள்மேல் இன்னொருத்தி. அம்மா முன்கூட்டியே வேகத்தைக் குறைத்திருந்ததால் கொஞ்சம் இடைவெளி இருந்திருக்கிறது. விழுந்தவர்களைப் பார்க்காமல், அவர்களுக்கு வெளிப்பக்கம் காலியாக இருந்த சாலையைப் பார்த்துக்கொண்டே திரும்பிவிட்டாளாம். “பயமா இல்லையா?” என்று ராத்திரி கேட்டேன். “பயமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் ரோட்டையேதான் பாத்தேன்” என்றாள், அவ்வளவுதான் சொன்னாள்.

கடைசிச் சுற்றில் தனியாக மூச்சு முட்டத் துரத்தாமல் பின்னால் வந்த மூவருக்காகக் காத்திருந்து, அவர்களோடு மாறி மாறி முன்னால் போய்க் காற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். அதில் நாற்பது தாண்டிய இன்னொருத்தியும் இருந்தாள், வெளியூர்க் கிளப், நரைத்த சடை. நானும் அத்தையும் அதற்குள் முடிவுக் கோட்டுக்கு இறங்கி வந்திருந்தோம். கோடு கண்ணுக்குத் தெரிந்ததும் உன் அம்மா சீட்டிலிருந்து எழுந்து பாய்ந்தாள், நானும் அத்தையும் தொண்டை கிழியக் கத்தினோம், ஆனால் எதிர்காற்று, கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நரைத்த சடை அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து நழுவி வந்து ஒரு சக்கர அளவில் முந்திவிட்டாள். மொத்தத்தில் ஏழாவது, நாற்பது தாண்டியவர்களில் இரண்டாவது. நான் சந்தோஷத்தில் அழுதுகொண்டு போனால் இவள் உர்ரென்று நிற்கிறாள், “முன்னூறு மீட்டர்லயே எழுந்துட்டேங்க. நூத்தம்பது வரைக்கும் அவ பின்னாடி உக்காந்திருக்கணும்” என்கிறாள்.

பரிசு கொடுக்கும் நேரத்தில் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு போனால் முதலுதவிக் கூடாரத்தில் சிவப்பு ஹெல்மெட் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல வேளை, அந்தப் பெண்ணுக்கு முழங்கை, தொடை உரிந்ததோடு சரி. ஆனால் ஒரே அழுகை, “ஆன்ட்டி, எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா சைக்கிள வித்துருவாங்க” என்று. உன் அம்மா பஞ்சைப் பிடித்துக்கொண்டே, “எங்க வீட்ல அப்படியே நேர்மாறு. நான் விழுந்தா என் மக விக்கச் சொல்றா” என்றாள். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்துவிட்டாள், இவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அதை நான் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. நரைத்த சடைக்காரி உன் ஊர்ப் பக்கத்துக் கிளப்பாம். அடுத்த மாதம் அங்கே ஒரு பந்தயம் இருக்கிறது, வாங்களேன் என்று கூப்பிட்டிருக்கிறாள். உன் அம்மா பெயர் கொடுத்துவிட்டாள். நாங்கள் இருவரும் வருகிறோம், சைக்கிள் பெட்டியும் வருகிறது, உன் அறையில் எங்களைவிட அதற்குத்தான் இடம் அதிகம் வேண்டும். முதல் நாள் அந்தப் பாதையை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் நல்லது என்கிறாள் விசில், எந்த இடத்தில் குழி, எந்த இடத்தில் காற்று என்று தெரிந்துவிடுமாம். நீ அந்தச் சாலைகளில் பழகியவள். ஒரு சைக்கிளை வாடகைக்குப் பிடித்து வை. “அவ முன்னாடி போனா நான் பின்னாடியே வந்துருவேன்” என்று உன் அம்மா அடுப்படியில் என்னிடம் சொன்னாள், உன்னிடம் கேட்கக் கூச்சம், மறுபடி வெயிலும் மழையும் பேசிவிட்டு வைத்துவிடுவாள். அதனால் பதிலை எனக்கு எழுதாதே, அவளைக் கூப்பிட்டு நீயே சொல்.

நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நல்லபடியாக இரு மகளே. கொப்பளிக்க மறக்காதே. அம்மா பட்டறையிலிருந்து ஆறு மணிக்கு வந்துவிடுவாள், அதற்குப் பிறகு போன் செய்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா